அமெரிக்கக் குடியிருப்பில் ஒரு வீடு ஒப்படைப்பு

நான் ஜெர்மனியில் இருந்துகொண்டே அமெரிக்காவில் வசிக்கிறவள். எங்கள் சனம் இதை வைத்து என்னை நன்றாக நக்கலடிக்கும். பிராங்பேர்ட்டில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனால், அமெரிக்காவிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று விசாரிக்காமல் ஒருவரும் விடமாட்டார்கள். மென்பொருள் கம்பனிக்காரரின் ஊரான வால்டோர்ஃபிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் ஒரு சின்ன நகரம் வரும். அதன் விளிம்பில் அமெரிக்க இராணுவம் தன் சிப்பாய்களின் குடும்பங்களுக்காக ஒரு தனி ஊரையே கட்டியது. இரண்டு தலைமுறைக்கு மேல் இருந்துவிட்டு, ஒருநாள் கதவுகளைப் பூட்டித் திறப்புகளைக் கொடுத்துவிட்டுப் போனது. வீடுகள் கொஞ்சக் காலம் வெறுமையாகக் கிடந்தன. பிறகு நகரசபை அவற்றைத் திருத்தி விற்றபோது, இரண்டாம் மாடியில் ஒன்றை நாங்கள் வாங்கினோம்.

யாழ்ப்பாணத்தில் என்னைப் போன்றவர்களை விடுப்புக்காரி என்பார்கள். அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அறியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டு விடுப்பு இவ்வளவு என்றால், ஒரு ஊரே குடிபெயர்ந்துபோன இடத்தின் விடுப்பு எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வந்த நாளிலிருந்து நான் இந்த அமெரிக்கர்களைத் துருவிக்கொண்டே இருந்தேன்.

வீடே பாதிக் கதையைச் சொன்னது. குசினிச் சுவரில் இரண்டு வகையான மின்சாரத் துளைகள் இருந்தன, ஒன்று ஜெர்மன், மற்றது அமெரிக்கன். குளிர்பதனப் பெட்டிக்கு அவர்கள் விட்டிருந்த இடத்தில் எங்களுடைய பெட்டியை வைத்தால், தகப்பனின் சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி நின்றது. குளியலறைக் கண்ணாடி அலுமாரியைக் கழற்றியபோது என் கணவர் கத்தினார். சுவருக்குள்ளிருந்து துருப்பிடித்த சவர அலகுகள் பொலபொலவென்று கொட்டின. அலுமாரியின் முதுகில் ஒரு கீறல் துவாரம் இருந்தது. பாவித்த அலகை அதற்குள் தள்ளிவிட்டால் சுவருக்குள் விழுந்துவிடும். பிறகு வருகிறவன் பார்த்துக்கொள்வான் என்ற எண்ணம். எத்தனை சார்ஜன்ட்மாரின் தாடையோ தெரியாது, ஒரு சிறிய வாளி நிறைய அள்ளினோம்.

வீதிகளுக்கு அமெரிக்க மாநிலங்களின் பெயர்கள். ஜெர்மன் கார்கள் இரண்டு அருகருகே போய் மேலும் ஒரு காருக்கு இடம் மிஞ்சும் அகலம். பேஸ்பால் மைதானத்தில் இப்போது சனிக்கிழமைகளில் இந்தியாவிலிருந்து வந்த மென்பொருள்காரர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். தேவாலயம் ஒன்றும் உண்டு. அதன் சுவரில் மாதாவும் இல்லை, சிலுவையும் இல்லை. சிலுவை ஒரு அலுமாரிக்குள் இருந்ததாம். எந்தச் சமயத்துக்கு எந்த நேரம் என்று கதவில் போட்டிருப்பார்களாம், அந்தந்த நேரத்தில் அவரவர்க்கு வேண்டியதை வெளியே எடுத்து வைப்பார்களாம். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது முதலில் அநியாயமாகப் பட்டது. பிறகு யோசித்தால் நல்ல ஏற்பாடு என்றுதான் தோன்றியது.

மீதிக் கதை கீழ்வீட்டு ஜெர்மன் அம்மாவிடமிருந்து கிடைத்தது. இளமையில் அமெரிக்கர்களின் கடையில் காசாளராக இருந்தவர். பகல் முழுக்க அவர்களின் சாமானை விற்றாலும், வேலைக்காரர்கள் அங்கே ஒரு சொக்லேட்கூட வாங்கக்கூடாது என்பது சட்டமாம். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. அமெரிக்கர்கள் நல்ல சனம் என்றும் அவரே சொல்வார். மாடிப்படியில் கண்டால் மூன்றாவது படிக்குள் உங்கள் முழுக் கதையையும் கேட்டுவிடுவார்கள். ஆனால் கொஞ்சக் காலத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். அதே வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்து அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்பார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு பெயர்களை மனத்தில் வைப்பதை விட்டுவிட்டேன் என்றார்.

எனக்குத்தான் ஒரு விஷயம் பிடிபடவில்லை. இந்த ஊரில் நான் சுற்றாத மூலை இல்லை. பள்ளிக்கூடம் இருக்கிறது, பந்து உருட்டி விளையாடும் மண்டபம் இருக்கிறது, பெற்றோல் நிலையம் இருந்த இடம் இருக்கிறது, ஆனால் மயானம் இல்லை. கிழவர்கள் இருந்ததற்கான அடையாளம்கூட இல்லை. எல்லாரும் இளம் குடும்பங்கள், எல்லாரும் போகப்போகிறவர்கள். போகப்போகிறோம் என்று தெரிந்துகொண்டே ஒரு ஊரில் எப்படி இருப்பது? எப்படி அதைவிட்டுப் போவது? கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டேன். ஒரு கிழமை முழுக்க, ஏழு நாளும், வீட்டைத் துடைப்பார்கள், பிறகு போய்விடுவார்கள் என்றார். எனக்கு அது விளங்கவில்லை, அவரும் மேற்கொண்டு விளக்கவில்லை.

அப்படியிருக்கையில் போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் கட்டடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து நின்றாள். அறுபது வயதிருக்கும். நெடிய ஆள், விளையாட்டுச் சப்பாத்து, மழைச்சட்டை. எங்கள் யன்னலை நோக்கிக் கையை நீட்டினாள், மாடிகளை எண்ணினாள், படம் எடுத்தாள். திரும்பவும் கையை நீட்டினாள்.

என் கணவர் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார், "இஞ்சரும், வீட்டுக்காரர் வந்திட்டினம் போல கிடக்கு."

சொந்தக் காசில் வாங்கிய வீட்டில் நின்றுகொண்டு யாரும் இப்படிப் பேசுவார்களா? நாங்கள் பேசுவோம். எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருந்தது. இலங்கை இராணுவம் ஊர் முழுவதையும் எடுத்துக்கொண்டபோது நான் இளம்பெண். இத்தனை வருடங்களுக்குப் பிறகு சில பகுதிகளை விட்டிருக்கிறார்கள், எங்கள் வீட்டுப் பக்கத்தை இன்னும் விடவில்லை. அப்போது உடுத்த உடையோடு ஓடிவந்து, கொழும்புக்குப் போய்விட்ட யாரோ ஒருவரின் பூட்டிய வீட்டைத் திறந்து குடியிருந்தோம். ஒருநாள் அந்த வீட்டுக்காரர் வந்து படலைக்கு வெளியே நின்று, இப்படித்தான் கையை நீட்டி ஒவ்வொரு அறையாகக் காட்டினார். அந்தக் கிழமையே மூட்டை கட்டினோம். என் கணவர் வீட்டாருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். ஆகவே வீதியில் நின்று ஒருவர் வீட்டைச் சுட்டிக்காட்டினால், மூட்டை கட்டவேண்டும் என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் முதலில் தோன்றும். வீட்டு உறுதிப்பத்திரமும் காசு கட்டிய கணக்கும் வங்கியில் பாதுகாப்பாக இருப்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வராது.

பயம் ஒரு பக்கம், விடுப்பு ஒரு பக்கம். என்னில் எப்போதும் விடுப்புத்தான் வெல்லும். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். என்னிடம் இருப்பது தமிழும் ஜெர்மனும், அவளிடம் இருந்ததோ ஆங்கிலம் மட்டும். நல்லவேளையாக எங்களுக்கு மேல்மாடியில் கோயம்புத்தூர்ப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை. மணியடித்து அவளைக் கூப்பிட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்த கோலத்திலேயே இறங்கி வந்தாள். வந்த பெண்ணோடு கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் பேசினாள். பேசப் பேச அவள் முகம் மாறியது.

"அக்கா, வீடு கேட்டெல்லாம் வரலை, டென்ஷன் ஆகாதீங்க," என்றாள். "சின்ன வயசுல உங்க வீட்லதான் இருந்தாங்களாம். அவங்க அம்மாவுக்காக வந்திருக்காங்க."

மேலே கூட்டிவந்து தேநீர் கொடுத்தேன். வந்தவள் குசினி வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை சொல்லச் சொல்ல எனக்குக் கதை விளங்கியது, கீழ்வீட்டு அம்மா சொன்னதும் அப்போதுதான் விளங்கியது.

இராணுவ வீட்டில் இருந்தவர்கள் மாற்றலாகிப் போகும்போது அதைப் பரிசோதகரிடம் ஒப்படைக்க வேண்டும். குடிவந்த நாளில் இருந்ததுபோல் வீடு இருக்க வேண்டும். யன்னல் சட்டம், விளக்கின் மேற்புறம், ஓவனின் உட்புறம் எல்லாவற்றையும் அவர் விரலால் தடவிப் பார்ப்பார். விரலில் அழுக்குப் பட்டால் ஏற்றுக்கொள்ளமாட்டார். ஏற்றுக்கொள்ளாவிட்டால் குடும்பம் ஊருக்குப் புறப்பட முடியாது. இந்த வீட்டுக்கு வந்தவர் சாம்பல் நிற மேலங்கி போட்ட ஒரு ஜெர்மன்காரர். தளபாடமெல்லாம் கப்பலுக்குப் போய்விட, குடும்பம் வெறுந்தரையில் படுத்துக்கொண்டிருந்த நாளில் அவர் வந்து, ஓவன் சரியில்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாராம். விமானத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. தாய் இரண்டு நாள் முழங்காலில் நின்று ஓவனைத் தேய்த்தாராம். கடைசிக் காலையில் அவர் வந்து சரியென்ற பிறகுதான் புறப்பட்டார்களாம்.

இப்போது அந்தத் தாய்க்கு எண்பது தாண்டிவிட்டது. அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கணவர் இல்லை, ஞாபகமும் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு இருந்த வீடுகள் எல்லாம் மறந்துபோக, மனம் வந்து நின்றுவிட்ட இடம் அந்த ஓவன். விடிந்ததும் துடைக்கத் தொடங்கிவிடுவார். சுவர், கட்டில் கால், கழுவு தொட்டி எதையும் விடமாட்டார். துணியை ஒளித்துவைத்தால் சட்டைக்கையால் துடைப்பார். கை தோலுரிந்துவிட்டது. உட்கார்ந்து சாப்பிடமாட்டார், ஏனென்றால் பரிசோதகர் வரப்போகிறார். வீடு எப்போதோ ஒப்படைத்தாகிவிட்டது என்று மகள் எவ்வளவு சொல்லியும் பயனில்லை. நீ பள்ளிக்கூடத்துக்குப் போ, பெரியவர்கள் விஷயத்தில் தலையிடாதே என்பாராம். உடல் மெலிந்துகொண்டே போகிறது. அந்தக் குசினியை ஒருமுறை கண்ணால் கண்டால் மனம் ஆறுமோ என்றுதான் மகள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். தொலைபேசித் திரையில் காட்டலாமா, ஓவனையும் திறந்து காட்டலாமா என்று கேட்டாள்.

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஆனால் ஓவன் என்றதும் என் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஓவனுக்குள் என்ன இருக்கும் என்று எந்தத் தமிழ் வீட்டாரைக் கேட்டாலும் தெரியும். தோசைக்கல், இரண்டு தாச்சி, அப்பச்சட்டி, பொரித்த எண்ணெய் ஊற்றிவைத்த பாத்திரம், எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாத மூடிகள். அதைச் சமையலுக்கு நான் மூட்டிய நாள் நினைவில்லை.

நாளைக்கு வரச் சொல்லும்படி கோயம்புத்தூர்ப் பிள்ளையிடம் சொன்னேன். அமெரிக்காவில் தாய்க்குக் காலை விடியும் நேரமாகப் பார்த்துப் பிற்பகல் மூன்று மணி என்று முடிவாகியது. அவர்கள் போனதும் நாங்கள் இரண்டு பேரும் ஓவனில் இறங்கினோம். கணவர் சட்டிகளை வெளியே எடுத்துக்கொண்டே, உலகத்தில் எந்த மூலையிலோ இருக்கிற ஒரு சார்ஜன்டின் பெண்சாதிக்காக நான் ஏன் முதுகு முறியவேண்டும் என்று முணுமுணுத்தார். ஆனால் கதவின் கண்ணாடியைக் கழற்றி இடையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டியவர் அவர்தான். நான் செய்யச் சொல்லவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு எல்லாரும் குசினியில் கூடினோம். நான் வேலைக்குப் போடும் வெள்ளை மேலங்கியைப் போட்டிருந்தேன். நான் ஒரு பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலை செய்கிறவள். காரணம் கேட்ட கணவரிடம், வந்தவர்கள் என்னைக் கௌரவமாகப் பார்க்கட்டும் என்றேன். உண்மையில் காலையிலிருந்தே எனக்குள் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. சரிவருமோ வராதோ என்று தெரியாமல் ஒருவரிடமும் வாய்விடவில்லை.

திரையில் அந்த அம்மா தெரிந்தார். மெலிந்த முகம், சீவிய வெள்ளை முடி, கையில் ஒரு சிறிய துவாய். பக்கத்தில் இல்லத்துப் பணிப்பெண் நின்றாள். மகள் உற்சாகமாகக் குசினியைச் சுற்றிக் காட்டினாள். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எப்படிப் பிடிபடும்? சுவருக்கு நான் மஞ்சள் பூசியிருக்கிறேன், அலுமாரி புதிது, ஓவனும் நாங்கள் வாங்கிப் போட்டது. இது என் குசினி இல்லை என்றார். சுவருக்கு யார் இந்த நிறத்தைப் பூசியது, பரிசோதகர் வருவதற்குள் இதையும் நானா சுரண்டவேண்டும் என்றார். துவாயால் மேசையைத் தேய்க்கத் தொடங்கினார். மகள் தொலைபேசியைத் தாழ்த்திப் பிடித்தாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் தாயின் நிலையை இன்னும் மோசமாக்கிவிட்டோம் என்று அவள் முகம் சொன்னது.

நான் திரைக்கு முன்னால் போய் நின்றேன். எங்கள் சமையல்கூடத்துக்கு வருடத்தில் சில தடவை ஒரு சுகாதாரப் பரிசோதகர் வருவார். சிரிக்கமாட்டார், உட்காரமாட்டார், தேநீர் வேண்டாம் என்பார். அவர் வருகிறார் என்றால் நானும் அவசரமாக அடுப்பை இன்னொருமுறை துடைப்பேன். அந்த மனிதரை அப்படியே எனக்குள் வரவழைத்துக்கொண்டு, "கூட்டன் மோர்கன்" என்றேன்.

அந்த ஜெர்மன் காலை வணக்கம் காதில் விழுந்ததும் அந்த அம்மா நிமிர்ந்தார். துவாயை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். தோளை நேராக்கிக்கொண்டு அதே வணக்கத்தை ஜெர்மனிலேயே திருப்பிச் சொன்னார்.

ஓவனைத் திறந்தேன். குனிந்து டோர்ச் அடித்து உள்ளே பார்த்தேன். வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றி மேற்தட்டைத் தடவினேன், பக்கங்களைத் தடவினேன், கதவுப்பிடியின் அடிப்புறத்தையும் விடவில்லை. ஒருமுறை புருவத்தைக்கூடச் சுருக்கினேன். கணவர் எனக்குப் பின்னால் நின்று அந்தோனியாரை மன்றாடிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார். கைக்குட்டையைத் திரைக்கு நேரே விரித்துக் காட்டினேன். வெள்ளையாகவே இருந்தது.

"அல்லெஸ் இன் ஓர்ட்னுங்," என்றேன். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அதற்குப் பொருள். இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்து, ஒவ்வொரு அலுவலகத்திலும் யாராவது எனக்குச் சொல்லமாட்டார்களா என்று நான் ஏங்கிய வாக்கியம்.

நாங்கள் ஊருக்குப் போகலாமா என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டது எனக்கே விளங்கியது. போகலாம் என்று தலையாட்டினேன். அவர் மகளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. துவாயை முன்னால் கொண்டுவந்து நான்காக மடித்துப் பணிப்பெண்ணிடம் கொடுத்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார். பசிக்கிறது, காலைச் சாப்பாடு என்ன என்று கேட்டார். இங்கே மகள் எங்கள் மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். எனக்கு ஒரு சந்தோஷம் பொங்கியது பாருங்கள், பிள்ளை பெற்ற அன்றைக்குக்கூட அப்படிப் பொங்கவில்லை.

பணிப்பெண் கொடுத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே அந்த அம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார். இப்போது அவர் முகத்தில் ஒரு குறும்பு வந்திருந்தது. பரீட்சையில் தேறிய மனிதருக்கு வரும் துணிவு. ஏதோ கேட்டார். கோயம்புத்தூர்ப் பிள்ளை சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள், "ஊர்ல இருக்கற வீட்டையெல்லாம் செக் பண்றீங்களே, உங்க வீட்டை யார் வந்து செக் பண்றாங்கன்னு கேக்கறாங்கக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் பரிசோதகரின் வேஷம் கலைந்து, வாய் தன் பாட்டில் சொல்லிவிட்டது.

"என்ர வீட்டிலை ஆமியெல்லோ இருக்குது, அம்மா."

கோயம்புத்தூர்ப் பிள்ளை என்னைப் பார்த்தாள். சொல்லவா என்று கண்ணால் கேட்டாள். சொல்லு என்றேன்.

அந்த அம்மா கேட்டுவிட்டு ரொட்டியைக் கீழே வைத்தார். ஒரு சிப்பாயின் மனைவி இன்னொரு சிப்பாயின் மனைவிக்குச் சொல்வதுபோல, நம்பிக்கையோடு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். கோயம்புத்தூர்ப் பிள்ளை அதைத் தமிழில் எனக்குச் சொன்னாள்.

"ஆர்மியா? அப்ப கவலையே படாதீங்கங்கறாங்க. போறதுக்கு முன்னாடி நல்லா தொடைச்சு, இருந்த மாதிரியே உங்க கைல ஒப்படைச்சுட்டுத்தான் போவாங்களாம். இல்லாட்டி அவங்களை ஊருக்கு விடமாட்டாங்களாம்."

போன வருடம் என் தம்பி ஊருக்குப் போய் முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். எங்கள் வீடு இருந்த இடம் நிலத்தோடு நிலமாகக் கிடக்கிறது, கிணற்றைக்கூட மூடிவிட்டார்கள் என்று எனக்குச் சொன்னவன் அவன்தான். இதை நான் என் பிள்ளைகளுக்கே முழுதாகச் சொன்னதில்லை. அந்த அம்மாவுக்கா சொல்வேன்? ஆனால் எங்கள் வீட்டைப் பற்றி ஒரு இராணுவக் குடும்பத்திலிருந்து ஒருவர் எனக்கு வாக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஓம் அம்மா, நன்றி என்று சொன்னேன். அவர் திருப்தியோடு தலையாட்டிவிட்டு ரொட்டியை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அந்த மேலங்கியோடு அங்கேயே நின்றேன்.